தேகுவில் வாத்தியார் வேலை: சனி, ஞாயிறுக்கு எங்கே போவது?

கொரியாவுக்குப் பாடம் நடத்த வருகிறவர்கள் எல்லோருக்கும் சியோலில் இடம் கிடைப்பதில்லை. தேகு கிடைத்தால் முதலில் கொஞ்சம் முகம் வாடும். நாலு பக்கமும் மலை, நடுவில் ஊர். ஜூலை, ஆகஸ்டில் கொரியாவிலேயே வெயிலுக்குப் பேர்போன இடம். ஆனால் சனி, ஞாயிறு வெளியே கிளம்புகிறவருக்கு இதைவிடத் தோதான ஊர் அந்த நாட்டில் குறைவு. தோங்தேகு ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே பஸ் நிலையமும் இருக்கிறது. அங்கிருந்து ஒரு மணி நேரத்தில் கடற்கரைக்கும் போகலாம், ஒரு பழைய தலைநகருக்கும் போகலாம். டவுன் பஸ்ஸிலேயே ஏறி மலையடிவாரத்தில் இறங்கலாம். சிக்கலே அங்கேதான்: எதைத் தேர்ந்தெடுப்பது?

சுற்றுலாப் பட்டியல்கள் இதற்கு உதவாது. அவை விடுமுறையில் வருகிறவர்களுக்காக எழுதியவை. வேலை பார்க்கிறவரின் கணக்கு வேறு. அரசுப் பள்ளி என்றால் வெள்ளிக்கிழமை நாலரைக்கு வெளியே வந்துவிடலாம், அன்று சக ஆசிரியர்களோடு கூட்டு விருந்து இல்லாவிட்டால். இருந்தால் சனி காலை எழவே பத்து மணி ஆகும். ஹாக்வான் எனப்படும் தனிப்பயிற்சி நிலையம் என்றால் வெள்ளிக்கிழமையும் வேலை முடிய இரவு ஒன்பது, பத்து ஆகிவிடும். வாரம் முழுக்க ஒரே வாக்கியத்தைப் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்லித் தொண்டை கட்டியிருக்கும். திங்கள் முதல் பீரியடுக்கு நின்றாக வேண்டும். அதனால் நான் பார்ப்பது மூன்று விஷயம்தான்: வழியில் எவ்வளவு நேரம் போகிறது, ஞாயிறு சாயங்காலம் எத்தனை மணிக்கு வீட்டுக்குள் இருப்பேன், அங்கே நான் சாப்பிட என்ன கிடைக்கும்.

முதலில் சியோலை முடித்துவிடலாம். கேடிஎக்ஸ் அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஒரு வழிக்கே நாற்பதாயிரம் வொன்னுக்கு மேல். முகுங்ஹ்வா எனப்படும் சாதாரண ரயிலில் ஏறினால் காசு ஏறக்குறையப் பாதி, நேரம் இரண்டு மடங்கு. வெள்ளி இரவும் ஞாயிறு இரவும் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். கியோங்போக்குங் அரண்மனை, யோங்சானில் உள்ள தேசிய அருங்காட்சியகம், ஊருக்குள்ளேயே ஒரு தேசியப் பூங்காவாக நிற்கிற புக்கான்சான் மலை என்று பார்க்க எல்லாம் உண்டு. இத்தேவோன் மசூதிப் பக்கம் போனால் துவரம் பருப்பும் மசாலாப் பொடியும் வாங்கலாம். ஆனால் இரண்டு நாளில் பாதி நேரம் சுரங்க ரயிலில்தான் கழியும். அது ஓய்வில்லை, இன்னொரு வேலை நாள். திங்களும் விடுமுறையாக வரும் மூன்று நாள் வாரத்துக்கு அதை ஒதுக்கிவைப்பேன். இன்னொன்று, கியோங்போக்குங்குக்குச் செவ்வாய்தான் விடுமுறை. பிற அரண்மனைகள் பலவற்றுக்குத் திங்கள். நீண்ட வாரத்தில் போகிறவர்கள் இதைப் பார்த்துக்கொண்டு போகவும்.

அடுத்தது பூசான். தேகுவில் வேலை பார்க்கிற வெளிநாட்டு ஆசிரியர்களில் பாதிப் பேர் வெள்ளிக்கிழமை மாலை அங்கேதான் போகிறார்களோ என்று தோன்றும். கேடிஎக்ஸில் முக்கால் மணி, ஐம்பது நிமிடம். முகுங்ஹ்வாவில் ஒன்றேகால் மணி சுமார், அதுவும் பத்தாயிரம் வொன்னுக்குள். இந்த வழிக்கு அதிவேக ரயிலே தேவையில்லை என்பேன். மிச்சமாகிற அரை மணி நேரத்தை எப்படியும் பூசான் சுரங்க ரயிலில் விட்டுவிடப் போகிறோம். ரயில் நிலையத்திலிருந்து ஹேவுந்தே கடற்கரைக்குப் போகவே முக்கால் மணிக்கு மேல் ஆகும்.

ஹேவுந்தேவைவிட எனக்கு குவாங்கல்லி பிடிக்கும். எதிரே கடலுக்கு மேல் குவாங்கான் பாலம், 2003இல் திறந்தது, ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளம். சனிக்கிழமை இரவுகளில் கடலுக்கு மேலே நூற்றுக்கணக்கான டிரோன்கள் ஒளியால் படம் போடும். மணலில் உட்கார்ந்து பார்க்கலாம், காசு கிடையாது. ஹேவுந்தேயில் மீப்போ என்ற இடத்திலிருந்து சோங்ஜோங் வரைக்கும் பழைய ரயில் பாதையில் ஒரு சின்னக் கடலோர ரயில் ஓடுகிறது. பாதைக்குப் பக்கத்திலேயே நடைபாதையும் போட்டிருக்கிறார்கள். நடந்தால் அதே கடல், இலவசம். கம்சோன் கிராமத்தின் வண்ண வீடுகளுக்குக் கூட்டம் அலைமோதும். கொரியப் போரின்போது அகதிகளாக வந்தவர்கள் மலைச்சரிவில் நெருக்கியடித்துக் கட்டிய வீடுகள் அவை. 2009க்குப் பிறகுதான் ஓவியங்களும் சிலைகளும் வந்தன. இன்றும் அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள், ஜன்னலுக்குள் கேமராவை நீட்ட வேண்டாம்.

சாப்பாடுதான் பூசானில் இடிக்கும். மீன் சாப்பிடுகிறவர்களுக்குச் சொர்க்கம். சகல்ச்சி சந்தையில் கீழே மீனைத் தேர்ந்தெடுத்து மேல்மாடியில் சமைத்துத் தரச் சொல்லலாம். மற்றபடி ஊரின் பெருமையே பன்றி எலும்புக் குழம்பில் சோறு போட்ட துவேஜி குக்பாப்தான். சைவர்கள் ஹேவுந்தே பக்கத்து இந்திய உணவகங்களைத் தேடிப் போக வேண்டியிருக்கும். ஆகஸ்டில் குடைக்குக் குடை இடிக்கும் கூட்டம், அறை வாடகை ஏறிவிடும். மேயும் அக்டோபரும் பூசானுக்கு நல்ல மாதங்கள். தண்ணீரில் இறங்க முடியாது, சரி, ஆனால் நடக்கலாம்.

பூசானோடு சேர்த்து ஒரு கொசுறு: கிம்ஹே. இங்கே நம்மவர்களுக்கு ஒரு தனி ஆர்வம் உண்டு. சம்குக் யூசா என்ற 13ஆம் நூற்றாண்டு நூல், கி.பி. 48இல் ஆயுத்தா என்ற நாட்டிலிருந்து ஓர் இளவரசி கப்பலேறி வந்து காயா நாட்டு மன்னர் சூரோவை மணந்ததாகச் சொல்கிறது. அவர்தான் ஹோ ஹ்வாங்ஓக். ஆயுத்தா என்பது அயோத்தி என்று ஒரு சாரார். இல்லை, தமிழகக் கரைதான் என்று நம் பக்கத்தில் ஒரு சாரார். நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கு ஆயிரத்திருநூறு ஆண்டு கழித்து எழுதிய நூலை வைத்துக்கொண்டு அடித்துச் சொல்ல முடியாது என்பதுதான் என் கட்சி. மன்னர் சமாதியின் வாசலில் இரட்டை மீன் வரைந்திருப்பதைப் பார்த்ததும் பாண்டியர் நினைவு வரத்தான் செய்யும், வரட்டும். ராணி தன்னோடு கொண்டுவந்ததாகச் சொல்லும் கல் கோபுரம் அவருடைய சமாதிக்கு முன்னால் இருக்கிறது. போகிற வழி: ரயிலில் கூபோவில் இறங்கி, பூசான் சுரங்க ரயிலின் மூன்றாவது தடத்தில் தேஜோ வரை, அங்கே கிம்ஹே லைட் ரயிலுக்கு மாறிக்கொண்டால் சூரோ மன்னர் சமாதி என்றே ஒரு நிறுத்தம் உண்டு. அரை நாள் போதும். இதற்காக மட்டும் தனியாகப் போக வேண்டாம். ஞாயிறு காலை பூசானிலிருந்து கிளம்பி வழியில் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

இப்போது கியோங்ஜு. யார் கேட்டாலும் முதல் வாரத்துக்கு நான் சொல்கிற ஊர் இதுதான். சில்லா அரசு கி.பி. 935இல் முடியும்வரை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு அதன் தலைநகராக இருந்த ஊர். இங்கே கேடிஎக்ஸ் ஏறுகிறவர்கள் ஏமாறுவார்கள். ரயிலில் இருபது நிமிடம்கூட ஆகாது, உண்மைதான். ஆனால் அந்த நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது, ஊருக்குள் வர இன்னொரு பஸ்ஸில் அரை மணிக்கு மேல் ஆகும். ஊர் நடுவில் இருந்த பழைய ரயில் நிலையத்தை 2021 கடைசியில் மூடிவிட்டார்கள். தோங்தேகுவில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள், பத்தாயிரம் வொன்னுக்குள், சில்லா மன்னர்களின் சமாதி மேடுகளிலிருந்து நடக்கிற தூரத்தில் இறக்கிவிடுவார்கள்.

அந்த மேடுகளைப் படத்தில் பார்த்தால் ஒன்றும் தோன்றாது. புல் முளைத்த குன்றுகள், அவ்வளவுதான். நேரில் போய் நின்றால் ஒவ்வொன்றும் ஒரு மாடி வீட்டை முழுங்கும் உயரம். தேருங்வோன் வளாகத்துக்குள் மட்டும் இருபதுக்கு மேல். 1973இல் தோண்டிய சொன்மாச்சோங் என்ற சமாதிக்குள் நுழைந்து, அரசரைப் புதைத்துக் கல்லை மலையாகக் குவித்த விதத்தைப் பார்க்கலாம். அங்கிருந்து நடந்தால் சொம்சோங்தே வரும். ஏழாம் நூற்றாண்டில், சோன்தோக் ராணி காலத்தில் கட்டிய வானம் பார்க்கும் கோபுரம் என்கிறார்கள். ஒன்பது மீட்டர்தான். இவ்வளவுதானா என்று கேட்காமல் ஒருவரும் திரும்புவதில்லை.

இருட்டியதும் சில்லா அரண்மனையின் வொல்ஜி குளத்துக்குப் போங்கள். விளக்கொளியில் மண்டபங்களின் நிழல் தண்ணீரில் விழும் என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்குப் பிடித்தது குளத்தின் சேற்றிலிருந்து 1975இல் கிடைத்த ஒரு பகடை. பதினாலு முகம், மரத்தில் செய்தது. விருந்தில் உருட்டி எந்த முகம் விழுகிறதோ அதன்படி செய்ய வேண்டும்: மூன்று கிண்ணத்தை ஒரே மூச்சில் குடி, பாட்டில்லாமல் ஆடு, இப்படி. பள்ளிக்கூட விருந்தில் தலைமையாசிரியர் பக்கத்தில் ஒரு முறை உட்கார்ந்தவருக்கு இந்த மரபு எங்கேயும் போய்விடவில்லை என்று தெரியும். அசல் பகடையை ஈரம் போக உலர்த்தும்போது கருக்கிவிட்டார்கள். இப்போது இருப்பவை நகல்கள். காகிதத்தில் அதே மாதிரி ஒன்று வெட்டி ஒட்டி, ‘ஆங்கிலத்தில் ஒரு பொய் சொல்’, ‘வாத்தியாரிடம் ஒரு கேள்வி கேள்’ என்று முகங்களில் எழுதி வகுப்புக்குக் கொண்டுபோனால் ஒரு பீரியட் ஓடிவிடும். ஆறாம் வகுப்பு வரைக்கும் உத்தரவாதம்.

ஞாயிறு காலை புல்குக்சா கோயில், கல் புத்தர் இருக்கும் சோக்குராம் குகைக் கோயில். பஸ் நிலையத்திலிருந்து 10, 11ஆம் எண் பஸ்கள் புல்குக்சாவுக்குப் போகும். அங்கிருந்து மலைமேல் சோக்குராமுக்கு 12. புல்குக்சா முற்றத்தில் இருக்கும் தபோத்தாப் கோபுரம்தான் 10 வொன் நாணயத்தில் இருப்பது. அந்த நாணயத்தைப் பெரிதாக்கி உள்ளே சீஸ் வைத்துச் சுட்டு, ரொட்டியாகவே கடைகளில் விற்கிறார்கள். நாணயத்தின் பெயர் பத்து வொன், ரொட்டியின் விலை ஆயிரக்கணக்கில். இரண்டு கோயில்களுக்கும் முன்பு நுழைவுக் கட்டணம் இருந்தது. 2023 மே மாதத்திலிருந்து இல்லை. கொரியப் பிள்ளைகள் எல்லோரும் பள்ளிச் சுற்றுலாவில் ஒரு முறையாவது வந்துபோகிற இடம் இது என்பதால், திங்கள் வகுப்பில் படத்தைக் காட்டினால் ‘ஓ, புல்குக்சா’ என்று சலிப்போடு ஒரு குரல் வரும். பேச்சைத் தொடங்க அது போதும்.

சாப்பாட்டிலும் கியோங்ஜு ஜெயிக்கிறது. சமாதி மேடுகளுக்குப் பக்கத்துத் தெருவில் ஸாம்பாப் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மேசை நிறைய இலைகள், கீரைகள், தொட்டுக்கொள்ள வகைவகையாக. இறைச்சித் தட்டை ஒதுக்கிவைத்தாலும் வயிறு நிறையும். கறாரான சைவர்கள் கவனிக்க வேண்டும்: கிம்ச்சியில் மீன் சாறோ உப்பிட்ட இறாலோ இருக்கும், சூப்புகளில் நெத்திலி இருக்கும். இனிப்புக்கு 1939இலிருந்து சுடுகிற ஹ்வாங்னாம் ரொட்டி, உள்ளே சிவப்புப் பயறுப் பூரணம். குறை என்றால் கூட்டம். ஹ்வாங்னிதான்கில் தெருவில் சனி மதியம் நடக்க முடியாது. செர்ரி பூக்கிற மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரத்தில் அறையும் கிடைக்காது.

கியோங்ஜுவுக்கு நேர் எதிர்த் தேர்வு ஹேஇன்சா என்ற பௌத்தக் கோயில். பார்க்க ஒன்றே ஒன்றுதான்: எண்பத்தோராயிரத்துக்கும் மேற்பட்ட மரப்பலகைகளில் செதுக்கிய பௌத்தத் திருமுறை. 13ஆம் நூற்றாண்டில் மங்கோலியர் படையெடுத்து வந்தபோது, புத்தர் காப்பாற்றுவார் என்று செதுக்கினார்கள். பலகைகளைவிட அவை இருக்கும் கொட்டகைதான் என்னை இழுத்தது. 15ஆம் நூற்றாண்டுக் கட்டடம். முன்சுவரிலும் பின்சுவரிலும் மேல் ஜன்னலும் கீழ் ஜன்னலும் வெவ்வேறு அளவு. காற்று உள்ளே வந்து சுற்றி வெளியேறுவதற்கான கணக்கு அது. தரைக்குள் கரி, உப்பு, சுண்ணாம்பு எல்லாம் போட்டு ஈரத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். சோக்குராமில் நடந்தது நேர்மாறு. ஜப்பானியர் ஆட்சியில் சிமென்ட் கான்கிரீட் போட்டுப் பழுது பார்த்ததில் உள்ளே ஈரம் கோத்துக்கொண்டது. இன்று கண்ணாடிக்குப் பின்னால், இயந்திரக் காற்றில்தான் அந்தப் புத்தர் இருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்த வாரம் பார்த்தால் ஒன்று மற்றதற்குப் பாடமாக இருக்கும்.

ஹேஇன்சாவுக்கு தேகு மேற்கு பஸ் நிலையத்திலிருந்து ஒன்றரை மணி நேரம். இங்கே போனால் ஓர் இரவு தங்குவதுதான் முறை. கோயில்களில் தங்குகிற டெம்பிள்ஸ்டே ஏற்பாடு 2002 உலகக் கோப்பைக் கால்பந்து சமயத்தில் தொடங்கியது. இணையத்தில் முன்பதிவு செய்யலாம். ஆங்கிலத்திலும் பக்கம் இருக்கிறது. தொளதொளப்பான கால்சட்டையும் மேலங்கியும் தருவார்கள். விடிவதற்கு முன்பே மணியடித்து எழுப்பிவிடுவார்கள், அதற்குத் தயாராக வாருங்கள். சாப்பாட்டில் இறைச்சி, மீன் மட்டுமில்லை, வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. நம் ஊர் ஆசாரமான வீட்டில் வளர்ந்தவருக்குக் கொரியாவில் எதையும் விசாரிக்காமல் சாப்பிடக்கூடிய ஒரே இடம் இதுதான். சில கோயில்களில் பிட்சுக்கள் முறைப்படியே நான்கு கிண்ணத்தில் பரிமாறுகிறார்கள். கடைசியில் ஒரு முள்ளங்கித் துண்டை மிச்சம் வைத்து, தண்ணீர் ஊற்றி, அந்தத் துண்டாலேயே கிண்ணத்தைத் துடைத்து, தண்ணீரையும் குடித்துவிட வேண்டும். முதல் முறை முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் குடிப்பீர்கள்.

காசு பார்த்தால் அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து பூசானில் ஓர் இரவு ஆகிற செலவுதான், பெரும்பாலும் குறைவு. முக்கியமான லாபம் வேறு: யாரும் உங்களிடம் ஆங்கிலம் பேசிப் பார்க்க வரமாட்டார்கள். செமஸ்டர் முடிகிற நேரத்தில், மதிப்பெண் பட்டியல் கொடுத்த வாரத்தில், நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். துணைக்கு ஆள் வேண்டும், பேச்சு வேண்டும் என்கிறவர்கள் போக வேண்டாம். சனி மாலை ஏழு மணிக்கே என்ன செய்வதென்று தெரியாமல் விழிப்பார்கள்.

வெளியூரே போக முடியாத வாரங்களும் உண்டு. அப்போது கட்பாவி என்ற மலையுச்சிப் புத்தர். தோங்தேகு நிலையத்துக்கு முன்னால் 401ஆம் எண் பஸ், கடைசி நிறுத்தம். அவர் இருக்கும் பல்கோங்சான் மலை 2023 கடைசி நாளில்தான் தேசியப் பூங்காவானது. படிக்கட்டில் ஒரு மணி நேரம் ஏற வேண்டும், மூச்சு வாங்கும். மேலே சுமார் 850 மீட்டர் உயரத்தில் ஒரு கல் புத்தர், தலையில் தட்டையான கல் ஒன்று தொப்பி மாதிரி. படித்தவர்கள் அணிகிற தொப்பி என்று கொரியர்கள் சொல்கிறார்கள். ஒரே ஒரு வேண்டுதலை நிறைவேற்றுவார் என்பது நம்பிக்கை.

நவம்பரில் போய்ப் பாருங்கள். அந்த மாத நடுவில் ஒரு வியாழக்கிழமை பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. ஆங்கிலக் கேட்டல் பகுதி நடக்கும் அரை மணி நேரம் நாட்டில் விமானங்களே கிளம்பாது, இறங்காது. அதற்கு முந்தைய வாரங்களில் இந்த மலை உச்சி நிறைய அம்மாக்கள். விரிப்பைப் போட்டு, முன்னால் பிள்ளையின் படத்தை வைத்து, விழுந்து விழுந்து எழுகிறார்கள். நூற்றெட்டு முறை என்பது கணக்கு. பாட்டிகள் அதைத் தாண்டியும் போவார்கள். பக்கத்தில் நிற்கிற உங்களை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். வகுப்பில் தூங்கி விழுகிற பையன் ஏன் தூங்குகிறான் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. மதியத்துக்குள் இறங்கி, ஜிம்ஜில்பாங் எனப்படும் பொதுக் குளியலகத்தில் வெந்நீரில் முட்டியை ஊறவைத்து, சாயங்காலம் மோனோரயிலில் சோமுன் சந்தைக்குப் போனால் அன்றைய பொழுது நிறைந்துவிடும். கட்டணம் என்று பார்த்தால் பஸ் காசும் குளியல் காசும்தான்.

ஆக, புதிதாக வந்தவர் கியோங்ஜுவில் தொடங்கட்டும், பஸ்ஸில். நாலைந்து பேர் சேர்ந்து போவதென்றால் பூசான், கோடை உச்சத்தைத் தவிர்த்து. தனியாக இருக்க ஆசைப்படுகிறவருக்கு ஹேஇன்சா. சனிக்கிழமை பத்து மணிக்கு எழுகிறவருக்கு கட்பாவி, இல்லாவிட்டால் அப்படியே போர்த்திக்கொண்டு தூக்கம். ஹாக்வானில் இரவு வேலை பார்க்கிறவர் வெள்ளிக்கிழமை கிளம்பும் திட்டமே போட வேண்டாம். சனி காலை முதல் பஸ் பிடித்தால்கூட கியோங்ஜுவில் ஒன்பது மணிக்கு நின்றுவிடலாம்.

எங்கே போனாலும் இரண்டு காரியம். கூகுள் மேப்பை நம்பாமல் நேவரோ காக்காவோ வரைபடச் செயலியைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள். நடக்கிற வழியை கொரியாவில் அவைதான் ஒழுங்காகக் காட்டும். அப்புறம், ரயிலில் போவதென்றால் போகும் டிக்கெட்டுக்கு முன்னால் ஞாயிறு திரும்பும் டிக்கெட்டை எடுங்கள். ஒரு மாதத்துக்கு முன்பே விற்பனை தொடங்கிவிடுகிறது. ஞாயிறு மாலை ஐந்து மணியிலிருந்து ஒன்பது மணி வரையிலான வண்டிகள்தான் முதலில் தீரும்.